கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் என் கணவர், எங்கள் ஏழு மாத மகனை அதுவரை கைப்பேசியில்தான் பார்த்திருந்தார். கப்பல் ஒரே ஒரு நாள் கொழும்பில் நிற்கும், மாலை ஐந்து மணிக்குள் அவர் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று செய்தி வந்தது. சென்னையிலிருந்து காலை எட்டு மணி விமானத்தில் எனக்கும் குழந்தைக்கும் டிக்கெட் எடுத்தேன். பறக்கும் நேரம் ஒன்றரை மணி.

அன்றிலிருந்து அந்த விமானம் தினமும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று பார்த்துக் குறித்துவைத்தேன். எனக்கு வரன் பார்த்தபோதுகூட வீட்டில் இவ்வளவு விசாரிக்கவில்லை. ஒழுங்கான விமானம்தான், செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நாங்கள் போகவேண்டியது செவ்வாய். எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பயணிகள் உரிமை விதிகளையும் அச்செடுத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் தாமதமானால் சிற்றுண்டி, ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் வேறு விமானம் அல்லது முழுப் பணம். குழந்தை அப்பாவைப் பார்ப்பது பற்றி எதுவும் இல்லை. இரண்டு முறை தேடினேன்.

கிரிவலத்துக்கு வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் பேருந்து மாட்டிக்கொள்ளும் என்று முந்தின நாள் காலையிலேயே கிளம்பிச் சென்னையில் தங்கினேன். நான் சரியான நேரத்துக்கு வந்துவிட்டேன், விமானம் வரவில்லை. அரை மணி தாமதம் என்றார்கள். பிறகு இன்னோர் அரை மணி. தையல்காரர் ரவிக்கைக்குச் சொல்வதுபோலவே சொன்னார்கள்.

மாமியார் போனில் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரம் பாத்துதான அனுப்புனேன், எப்படி லேட்டாவும்? வாசல்ல திரும்பிப் பாத்தியா?"

"இல்லங்க அத்தை."

பார்த்திருந்தேன். காஸை மூடினேனா என்ற சந்தேகம்.

பத்தரை மணிக்கு விமான நிறுவனத்துப் பெண் ஒருத்தி கையில் பட்டியலோடு வந்தாள். "மேடம், சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்க" என்றேன். யார் கேட்டாலும் எங்கள் ஊரில் சொல்வது அதுதான், வயிறு காய்ந்தாலும். அவள் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்தாள். சுற்றிலும் எல்லோருக்கும் உணவுப் பொட்டலம் வந்தபோதுதான், ஒரு மாதம் படித்த உரிமையை ஒரே சொல்லில் விட்டுக்கொடுத்தது உறைத்தது.

அச்செடுத்த தாள்களோடு கவுன்ட்டருக்குப் போனேன்.

"உங்க பேருக்கு நேரா டிக் இருக்கே மேடம்."

"சும்மா சொன்னேங்க."

"சாப்பிடாமயே சாப்ட்டேன்னு சொன்னீங்களா? எந்த ஊரு நீங்க?"

"திருவண்ணாமலை."

அவள் சிரித்தாள். "நான் கீழ்பென்னாத்தூருதான் அக்கா, உங்க பக்கத்து ஊரு. எங்கம்மாவும் இப்படித்தான், கல்யாண வீட்டுக்குப் போனா பட்டினியா திரும்பி வரும்." பொட்டலத்தை நீட்டியபடி, "எதுக்கு கொழும்பு?" என்றாள்.

சொன்னேன். சிரிப்பு நின்றது. "அஞ்சு மணிக்கா?" என்று கேட்டவள், பின்னால் இருந்த என் இருக்கையை முதல் வரிசைக்கு மாற்றினாள். "இறங்குனதும் ஓடுங்கக்கா. முன்னாடி போனா க்யூ கம்மியா இருக்கும்."

விமானம் மதியம் ஒன்றரை மணிக்குக் கிளம்பியது. ஐந்தரை மணி நேரத் தாமதம். விதியின் ஆறு மணியைத் தொடாமல் நிறுத்திக்கொண்ட அந்தத் திறமையை மெச்சத்தான் வேண்டும்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கி ஓடினேன். துறைமுக வாசலை அடைந்தபோது மணி நாலே முக்கால். அவர் வெயிலில் நின்றிருந்தார். குழந்தை டாக்ஸியிலேயே தூங்கிவிட்டிருந்தான்.

"எழுப்பவா?" என்றேன்.

"வேணாம், தூங்கட்டும்." இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த பத்து நிமிடமும் அசையாமல் நின்றார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

டாக்ஸி திரும்பியதும் பையன் கண்ணைத் திறந்து சிரித்தான். எழுப்பியிருக்க வேண்டுமோ என்று இன்றுவரை யோசிக்கிறேன்.