தூங்கியவர்களுக்காகப் பதில் சொன்ன குரல்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது நடந்தது.

என் தங்கையின் கணவர் சரக்கு விமானத்தில் துணை விமானி. பொய் சொன்னால் காது சிவந்துவிடும் மனிதர். இதை என்னிடம் சொன்னபோது மாப்பிள்ளையின் காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்திருந்தது.

யார் எப்போது பறக்க வேண்டும் என்று அவர்கள் நிறுவனத்தில் முடிவு செய்யும் அதிகாரிக்கு விமானிகள் வைத்த பெயர் 'சேவல்'. ஊரையே எழுப்பிவிடுவார். தான் மட்டும் போனை அணைத்துவிட்டு, விடிய விடியக் குறட்டை விடுவார். "தூக்கம்கிறது ஒரு பழக்கம்தாம்ப்பா, குறைச்சா குறையும்" என்று மற்றவர்களுக்கு உபதேசம் வேறு. அவரை மனிதர் என்று எழுதக் கை கூசுகிறது. அவரையும் கடவுள்தான் படைத்தார் என்பதால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு அது தொடர்ந்து நான்காவது இரவு. போன் செய்து கெஞ்சினார்.

"கண்ணு எரியுது சார். இன்னிக்கு ஒருநாள் விட்டுடுங்க."

"வெறும் சரக்குதானே ஏத்துற? நீ தூங்கி விழுந்தா பெட்டிங்களா எழுந்து வந்து கேட்கப் போகுது?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

விமானத்தில் இரண்டே பேர். மாப்பிள்ளையும் கேப்டனும். நீண்ட பயணங்களில் ஒரு வழக்கம் உண்டு. விமானம் தானியங்கியில் போகும்போது, ஒருவர் சொல்லிவிட்டு இருக்கையிலேயே சற்றுக் கண்ணயரலாம். மற்றவர் விழித்திருந்து ரேடியோவைக் கவனிக்க வேண்டும். நேரம் வந்ததும் அவரை எழுப்ப வேண்டும்.

"தம்பி, ஒரு அரை மணி நேரம்..." என்றார் கேப்டன்.

"நான் இருக்கேன் அண்ணே. தூங்குங்க."

அப்போது மணி 6:10. எதிரே சூரியன் எழுந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கண்ணை மூடித் திறந்தார். ஒரே ஒருமுறைதான்.

மணி 6:52.

இவ்வளவு நேரம்... எத்தனை ஊர்களின் தலைக்கு மேலே... பார்க்க ஆளில்லாமல்... பக்கத்தில் கேப்டனின் குறட்டை மட்டும்.

தரையிலிருந்து கூப்பிட்டிருப்பார்களே? பதில் இல்லையென்றால் இந்நேரம் போர் விமானம் துரத்தி வந்திருக்குமே? வெளியே பார்த்தார். வெறும் வானம்.

ரேடியோவைப் பார்த்தார். அலைவரிசை மாறியிருந்தது. அவர் மாற்றவில்லை.

வெயில் முகத்தில் விழாதபடி ஜன்னல் திரை இறக்கப்பட்டிருந்தது. அவர் இறக்கவில்லை. அவர் தூங்கட்டும் என்று யாரோ இரக்கப்பட்டிருக்கிறார்கள்.

யார்?

திரும்பினார். பின்னால் மூன்றாவது இருக்கை. ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்ளும் இருக்கை அது.

விரிந்திருந்தது.

காலியாக... விரிந்திருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

டக்.

மடங்கிக்கொண்டது.

எப்படியோ இறங்கி வீடு வந்து சேர்ந்தார். தங்கை எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏங்க, ரெண்டு பேருமே தூங்கிட்டோம்னு உள்ளதைச் சொல்லிடுங்க. வேலை போனா போகட்டும். நாளைக்கு யார் வீட்டுலயும் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது."

மறுநாள் மாப்பிள்ளையும் கேப்டனும் காலையில் போனில் சொல்லிவிட்டு, மதியம் நேரில் போனார்கள். சேவல் பல்லைக் காட்டியது.

"தூங்கினீங்களா? கட்டுப்பாட்டு அறையில கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பதில் வந்திருக்கேப்பா! லீவுக்கு நாடகமா? ரெண்டு பேர் சீட்டையும் கிழிச்சிடுவேன்."

அதற்குள் ரேடியோப் பதிவை வரவழைத்து வைத்திருந்தார். வெற்றிக் களிப்போடு ஓடவிட்டார்.

நிதானமான குரல். தெளிவான குரல். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு ஒரு நன்றி.

அது மாப்பிள்ளையின் குரல் இல்லை. கேப்டனின் குரலும் இல்லை.

கடைசியில் கட்டுப்பாட்டு அதிகாரி கேட்கிறார்: "விமானத்தில் எத்தனை உயிர்?" ஏதோ சரியில்லை என்று பட்டால் அப்படித்தான் கேட்பார்களாம்.

கொஞ்சம் இரைச்சல். பிறகு அதே குரல்.

"உயிர் இரண்டு. ஆட்கள் மூன்று. நன்றி."

சேவல் பதிவைச் சட்டென்று நிறுத்தினார். அன்று மாலையே இருவருக்கும் விடுப்பு. மனிதர்கள் கெஞ்சியபோது வராத கருணை, பேய் பேசியதும் வந்துவிட்டது. அந்தக் கருணையின் லட்சணத்தைப் பாருங்கள்: அதே விமானத்துக்கு, ஐந்து இரவுகள் கண்விழித்திருந்த வேறு இருவரை அனுப்பினார்.

மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டு அதிகாரியைத் தேடிப்பிடித்துப் போனில் கேட்டார்.

"நேரத்துக்குப் பதில் வந்துச்சே சார். அப்புறம் ஏன் சந்தேகப்பட்டீங்க?"

"உங்க கம்பெனிக்காரங்க யாரும் காலையில அவ்வளவு தெளிவா பேசி நான் கேட்டதே இல்ல சார். அதான்."

அடுத்த நாள் காலை 6:40. மாப்பிள்ளையின் போன் அடித்தது. அதே அதிகாரி.

"சார்... அந்தக் குரல்..."

"என்ன ஆச்சு?"

"இப்பப் பேசிட்டிருக்கு. மேல இருந்து."

"ஐயோ, அவங்களை எழுப்புங்க சார்! விடாம கூப்பிடுங்க!"

மறுமுனையில் மூச்சு வாங்குவது கேட்டது.

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன் சார்... ஒவ்வொரு தடவையும் அதுதான் பதில் சொல்லுது."