குமிழிகளைக் காட்டியவர்

மகளுக்கு மூச்சு முட்டிய அந்தக் காலையில் எங்கள் டீசல் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவள் தேறிவிட்டாள். அதன் பிறகும் பல காலைகளில் கார் அப்படியே கிடந்தது.

பிறகு ஒருநாள் காரை எப்படியோ கிளப்பிக் கல்லடியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மெலிந்தவர், மெக்கானிக் என்று நம்ப முடியாத வெள்ளைச் சட்டை.

"எஞ்சினைச் சூடாக்கிக் கொண்டந்தா அதுட வருத்தம் ஒளிச்சிரும், கோளாறு தெரியாது டீச்சர். விடிய நான் வீட்ட வாறன், அதுவரைக்கும் காரை ஒருத்தரும் தொடாதீங்க."

விடிய வந்தவர் பொனட்டைத் திறக்கவில்லை. "கார் எப்பவும் இப்பிடியா மகள்?" என்று என் மகளிடம் கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். நான் வாயெடுத்தேன், கையை உயர்த்தித் தடுத்தார்.

அவள் யோசித்துச் சொன்னாள்: "இல்ல அங்கிள். வாசல் சரிவுல காரை மூக்கு மேல பார்க்க நிப்பாட்டினா மட்டுந்தான்."

அவர் டீசல் குழாயைக் கழற்றி, உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டிச் சாவியைத் திருப்பினார். குமிழிகள் ஓடின. குழாயில் காற்றுப் புகுந்து, மூக்கு மேலே நிற்கும் இரவில் டீசல் பின்னால் டாங்கிக்கே இறங்கிவிடுகிறதாம்.

"மகள் சொன்னது சரி" என்றார். அவள் முகம் மலர்ந்தது.

"என்னட்ட ஏன் சொல்லல்ல?" என்று அவளைக் கேட்டேன்.

"சொல்லத் தொடங்கினாலே பயந்து கத்துவீங்களேம்மா."

காற்றுப் புகுந்த இடத்தை அவர் அடைத்தபின், கார் இப்போது ஒரே திருப்பில் கிளம்புகிறது. அந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை. கேட்டுவிட்டு எப்படி அவரால் சும்மா நிற்க முடிந்தது? நேற்று மகளிடம், "மூச்சு எப்பிடி இருக்கு?" என்றேன். அவள் வாய் திறக்குமுன் இன்ஹேலரை நீட்டியிருந்தேன்.