ராஜாவுக்கு அட்ரஸ் சொன்னவன்

பொழிச்சலூரில் எங்கள் சர்ச் வளாகத்தில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவோம். ஏழு வருஷம் எனக்கு ஒரே வேஷம்: வேதபாரகன், ராஜாவுக்கு வேதத்தைப் படித்துச் சொல்லும் பண்டிதன். பஞ்சு தாடி, தோளில் ஒரு பெட்ஷீட், கையில் சுருட்டிய சார்ட் பேப்பர். ராஜா, "மேசியா எங்கே பிறப்பார்?" என்று கேட்பார். நான் சுருளை விரித்து, "பெத்லகேமில், அரசே" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் டீ குடிப்பேன். அதற்குப் பிறகுதான் ராஜா, மேசியா தன் சிம்மாசனத்துக்குப் போட்டியாக வந்துவிடுவார் என்று பயந்து, அந்த ஊரில் இரண்டு வயசுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளை எல்லாம் வெட்டச் சொல்வார். அந்தக் கட்டளையை நான் ஒருமுறைகூட நின்று கேட்டதில்லை. டீ ஆறிவிடும்.

ராஜா வேஷம் போட்டவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் நின்று "பம்மல், பொழிச்சலூர்!" என்று அவர் கூப்பிட்டால், தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தவன்கூட ரயிலிலிருந்து இறங்கிவிடுவான். அந்தக் குரலுக்காகத்தான் நாடகம் நடத்தும் டீச்சர் அவருக்குக் கிரீடத்தைக் கொடுத்தார்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருஷம், மழை தொடங்கும் முன் அவர் மகன் இறந்துபோனான். பல வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளை. பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்தது துணியில் சுற்றிய ஒரு பொட்டலம்.

டிசம்பரில் ஆராதனை முடிந்ததும் ஒத்திகை. டீச்சர் தயங்கித் தயங்கி, "இந்த வருஷம் ராஜா சீனை கட் பண்ணிடலாம்பா. நேரா மாட்டுத் தொழுவத்துக்குப் போயிடலாம்," என்றார்.

"இன்னா டீச்சர், என் வேலைக்கே வேட்டு வெக்கறீங்களே! ராஜா இல்லாம கொழந்தைய தூக்கினு அவுங்க எகிப்துக்கு ஏன் ஓடணும்? டூரா?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

ஒத்திகையில் கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். டீயைப் பார்த்து நடந்தேன்.

"அண்ணா, இரு." அது ராஜாவின் குரல் இல்லை. "ராஜா கைல கத்தி கீது. அட்ரஸ் தெரியாது. நீதானே அட்ரஸ் குடுக்கற?"

"வேதத்துல எழுதியிருக்குப்பா. ராஜா கேட்டா சொல்லித்தானே ஆகணும்?"

"எழுதுனவரு நல்லதுக்கு எழுதிட்டுப் போயிட்டாரு. எடுத்து ராஜா கைல குடுத்தது நீ. குடுத்துட்டு டீ குடிக்கப் போயிடற. நான் நின்னுகினு அதச் சொல்லணும். எதிர்ல என் வூட்டுக்காரி குந்தினு இருப்பா."

"அப்ப வேஷத்தை விட்டுடேன்."

"விட்டா, புள்ளைய நெனச்சுதான் விட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். இப்பதாண்ணா ரெண்டு வாய் சோறு துன்றா."

அன்றிலிருந்து என் ஜெராக்ஸ் கடையில் எனக்கு நிம்மதி இல்லை. காலேஜ் பிள்ளைகள் நகலெடுக்கக் கொண்டுவரும் சரித்திரப் புத்தகங்களை ஓசியில் படித்தே நாலு விஷயம் கற்றவன் நான். இப்போது எந்தப் பக்கத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்தாலும், சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ஏட்டோடு ஒருவர் நின்றார். முடி சூட்ட ஒருவர், நாள் குறிக்க ஒருவர், படை கிளம்பும்போது ஆசி சொல்ல ஒருவர். படங்களில் அவர்கள் கை சுத்தமாக இருந்தது. மெஷினின் பச்சை வெளிச்சம் ஓடி முடிந்து தாள் வெளியே வரும்போது, அந்தக் கை என் கை போலவே இருந்தது.

நாடகத்தன்று சாயங்காலம், முன்னால் பாயில் சண்டே ஸ்கூல் குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் நாற்காலியில் அவர் மனைவி.

ராஜா கேட்டார். நான் சுருளை விரித்தேன். சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் கட்டளைக்கு வேலை இல்லை. டீச்சர் திரையை இழுத்துவிடுவார். வசனம் மறந்துவிட்டது என்று ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும், சிரிக்கட்டும்.

ராஜா மறுபடி கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர், "பெத்... பெத்..." என்றார். நான் தாடியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

தாடிக்காரருக்கு மறந்துபோச்சு, நமக்குத் தெரியும் என்ற சந்தோஷத்தில் பாயில் இருந்த குழந்தைகள் ஒரே குரலில் கத்தினார்கள்:

"பெத்லகேம்!"

அக்காவின் மடியில் இருந்த ஒன்று, இன்னும் பேச்சு வராதது, அதுவும் கை தட்டியது.

ராஜா அவர்களை ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். பிறகு பின்னால் இருந்தவளைப் பார்த்தார். கிரீடத்தைக் காது மூடும்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்குக் காது கேக்கல," என்றார், பல்லாவரத்துக் குரலில். "இன்னொரு தபா சொல்லாதீங்க. எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

காமெடி என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. அவர் மனைவி மட்டும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். திரை மூடியது.

பின்னால் இரண்டு டீ வைத்திருந்தார்கள். அவர் ஒன்றை எடுத்தார். நான் தொடவில்லை.

"நீ சொல்லவே இல்லியேண்ணா."

"இல்லப்பா."

"நீ சொல்லாட்டியும் அட்ரஸ் வந்துட்ச்சி பாரு," என்று சொல்லி, டீயைக் குடிக்காமல் வெகுநேரம் ஊதிக்கொண்டே இருந்தார்.

என் கடை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே. இன்றும் தினம் பத்துப் பேராவது வந்து யாருடைய வீட்டுக்காவது வழி கேட்கிறார்கள். சொல்கிறேன். சொன்ன பிறகு, அவர்கள் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.