ஐந்தாவது தட்டு

இது நடந்தது. நம்பாதவர்களுக்குக் கேசட் இருக்கிறது. வந்து கேட்கலாம். நான் அறைக்கு வெளியே நிற்பேன்.

1989 ஒக்டோபர். மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. ஆகவே கண்டியில் ராக் இரவுகள் பகல் மூன்றுக்கே தொடங்கின. பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு சின்னக் கிளப். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டு, இரவுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுத டேப் ரெக்கோடருடன் போயிருந்தேன். முதல் பேண்டைப் பற்றிய என் குறிப்பு: ‘சத்தம்.’ இரண்டாவது: ‘அதைவிட.’

மூன்றாவது, என் நண்பர்களுடையது. நளீர் கிட்டார். திருச்செல்வம் டிரம்ஸ். பன்விலயிலிருந்து வரவேண்டிய திருச்செல்வம் வரவில்லை. சோதனைச் சாவடியில் பொலிஸ் அவனை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனதாம். டிரம்ஸ் குச்சிகளை மறக்காதவன், அடையாள அட்டையை மறந்துவிட்டான்.

அந்த மாதங்களில் அப்படிப் போனவர்கள் பலர் திரும்பவில்லை.

“நிப்பாட்டுவமா?” என்றேன்.

“வாணாம் மச்சான். வந்து ஏசுவான்,” என்றான் நளீர். “அவன் குந்துற கதிரைய மட்டும் எடுக்க வாணாம்.”

மணி 4.12. நளீர் மைக்கை நெருங்கினான்.

டக்... டக்... டக்... டக்...

குச்சிச் சத்தம். திருச்செல்வம் நாலு தட்டித்தான் பாட்டைத் தொடங்குவான்.

டக்.

ஐந்து.

டிரம்ஸ் அடித்தது. நளீர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

கதிரை காலி.

சிம்பல் ஆடியது...

கதிரையிலிருந்து தண்ணீர்.

சொட்...

சொட்...

மறுநாள் திருச்செல்வம் உயிரோடு வந்தான். அவன் அம்மா அழகம்மா அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி மீட்டிருந்தார். கட்டிப் பிடித்தோம். கேசட்டைப் போட்டேன். நாலாவது தட்டுவரை சிரித்தான். ஐந்தாவதில் சிரிப்பை நிறுத்தினான்.

“பொலிஸ் கூண்டுல எங்கூட ஒருத்தன் இருந்தான்டா. தொப்பலா நனைஞ்சு. என்ன தாளம்னு கேட்டான். சுவத்துல தட்டிக் காட்டினேன். எத்தன தடவ சொன்னாலும் அஞ்சு தட்டுறான். ‘நீ இரு, நான் போய் அடிச்சிட்டு வாறேன்’னான்.”

“இப்ப எங்க அவன்?”

“நானும் பொலிஸ்காரங்ககிட்ட கேட்டேன். நேத்து முழுக்க உள்ள நான் மட்டும்தானாம்.”

திருச்செல்வத்தைப் பிடித்த உடனேயே குச்சிகளைப் பறித்து, பொலிஸ் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். விடும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்களாம். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

ஈரமாக இருந்தன.