விருந்துச் சோறு தின்ற சினைமாடு

ஜேடர்பாளையத்துச் சௌந்திரத்துக்குக் கோபம் பிறந்த வீட்டுச் சீதனம். அவள் அப்பன் கருப்பண்ணன் வாய்க்கால் தகராறில் ஊரையே எதிர்த்து நின்றவர்; அத்தைமார் மூவரும் அதே வார்ப்பு. கூடப் பிறந்த தம்பி மருதாசலம் ஒருவன்தான் பரம சாது. அந்தச் சாதுதான் அவள் மாட்டைச் சாகக் கொடுக்கப் பார்த்தான்.

அவள் மகள் கிருத்திகாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மருதாசலத்தின் மடியில் உட்கார வைத்துக் குத்தியாயிற்று, பந்தியும் முடிந்தது. அண்டாவில் சோறு மிஞ்சிக் கிடந்தது. சோற்றைக் குப்பையில் கொட்டினால் பாவம் என்று அதை அப்படியே மாட்டுத் தொட்டியில் சரித்து, மேலே பாயசத்தையும் ஊற்றி, யாரிடமும் கேட்காமல் அக்காளின் சிந்து இனப் பசுமாட்டை அவிழ்த்து விட்டான். ஏழு மாதச் சினை. சோளத்தட்டும் புல்லும் தின்று பழகிய மாடு தொட்டியை நக்கியே துடைத்துவிட்டது.

விடிந்து பார்த்தால் மாடு அசை போடவில்லை. வயிறு உப்பல். சாணியில் புளித்த மாவு நாற்றம். மூச்சு மட்டும் இரைத்துக்கொண்டே இருந்தது.

"வெக்கைக்கு இரைக்குதுக்கா. மோரு ஊத்துனா குளுந்துரும்" என்று மருதாசலம், மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் கொட்டத்தில் மோரை நிரப்பிக்கொண்டு வந்தான்.

"விடியக்காலத்துல என்னடா வெக்கை? மாட்டுக்கு என்னத்தடா போட்ட?"

சொன்னான். கொட்டத்தைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் வீசினாள்.

"மொறைக்கு வந்த மாமனை இப்படிப் பேசலாமா புள்ள?" என்றார் கணவர் சின்னுசாமி.

"மாமன் எம்புள்ளைக்குங்க. எம்மாட்டுக்கு இவன் ஆரு?"

போன் போட்டதும் கால்நடை டாக்டர் கயல்விழி வந்துவிட்டார். சாணியை முகர்ந்ததுமே முகம் மாறியது.

"சோறு உள்ளாற புளிச்சு அமிலமாயிருச்சுங்கக்கா. அது ரத்தத்துலயும் ஏறுது. ரத்தத்துல சோடா உப்பு எப்பவும் இருப்பு இருக்கும். அதுதான் அமிலத்தை மடக்கிக் காத்தாக்குது. அந்தக் காத்தைத் தள்ளத்தான் இந்த இரைப்பு. மிச்சத்தை மூத்திரத்துல கழிக்கும், அதுக்கு நேரமாகும். இழுத்துட்டே போனா எலும்புச் சுண்ணாம்புகூடக் கரைஞ்சு கைகொடுக்கும்."

"அதுவும் பத்தலைன்னா என்னாகுமுங்க?" என்றாள் சௌந்திரம்.

"படுத்துருமுங்க. மோரு கீரு ஊத்துனீங்களா?"

"ஊத்த உடலீங்க."

"நல்லவேளை. புளிப்புக்கு மேல புளிப்பு."

குழாய் விட்டு வயிற்றுக்குள் சோடா உப்புக் கரைசல் இறக்கினார். கழுத்து நரம்பில் மருந்து ஏறியது. பாட்டிலைத் தூக்கிப் பிடித்து நின்ற சௌந்திரம் தம்பியைத் திட்டுவதை நிறுத்தவே இல்லை. எல்லாரும் வெற்றிலை மென்று சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்த வாயில்லாச் சீவன் தன் உடம்பில் இருந்ததையெல்லாம் போட்டு ஒண்டியாய் மல்லுக்கட்டியிருக்கிறது. நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

பொழுது சாய மாடு மெல்லத் தாடையை அசைத்தது. அசை போட்டது. மூச்சும் தணிந்திருந்தது. "மாடு தப்பிச்சுதுங்க. கன்னைப் பத்தி இப்பச் சொல்ல முடியாது" என்று டாக்டர் கிளம்பினார்.

மருதாசலத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாக்கா, சோறு செமிச்சுப் போச்சு!"

"செமிச்சுதா? அது ரத்தத்துல இருந்த உப்பையெல்லாம் செலவு பண்ணிப் பொழைச்சிருக்குதுடா! கன்னுக்கு ஒண்ணுன்னா இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காத. போ, பஸ்ஸைப் புடி."

சீர் கொண்டுவந்த தாய்மாமனை அக்காள்தான் வாசல் வரை வந்து வழியனுப்ப வேண்டும். சின்னுசாமி இரண்டு தரம் கூப்பிட்டார். சௌந்திரம் எழவில்லை. மாட்டின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து, கன்று அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.