வெள்ளத்தைக் குடித்த செம்மறியாடு

தொண்ணூறுகளின் பிற்பாதி. சன்னிவேலில் நான் டிரைவிங் டெஸ்ட்டில் ஃபெயிலாகிக்கொண்டே இருந்த காலம். என் டீமில் இருந்த ஒரு வேல்ஸ்காரர்தான் தினமும் என்னை ஆபீஸுக்குக் காரில் அழைத்துப் போவார். ஃப்ரீவேயில் வண்டிகள் நகராமல் நின்றால் போதும், தன் தாத்தாவைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். வேல்ஸில் அவர்கள் கிராமத்துக்கே கதைசொல்லி அந்தத் தாத்தா. கதையா அதெல்லாம், கடைந்தெடுத்த புளுகு.

ஒருமுறை ஆற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்ததாம். தாத்தா தன் செம்மறியாட்டை ஆற்றில் இறக்கினாராம். அதன் கம்பளி வெள்ளம் முழுவதையும் குடித்துவிட, ஊரே கூடி ஆட்டைப் பிழிந்து கொடியில் காயப்போட்டதாம்.

நான் வழக்கம்போல "ம்... ம்..." கொட்டிக்கொண்டு வந்தேன். மனுஷர் அதோடு பாதியில் நிறுத்திவிட்டு ரேடியோவைப் போட்டார். மறுநாளும் அப்படியே பாதியில் நிறுத்தினார். எனக்கு வந்ததே கோபம்! சொல்ல இஷ்டமில்லையென்றால் எதற்கு ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் முகம் சிவந்துபோனது. அவர்கள் ஊரில் கதை கேட்பவர் மூச்சுக் காட்டக் கூடாதாம், சிரிக்கவும் கூடாதாம். நடுவில் சத்தம் கொடுத்தால் "போதும், நிறுத்து" என்று அர்த்தமாம். கேட்கப் பிடிக்காமல் அவருடைய மகன் அப்படித்தான் செய்வானாம்.

"தாத்தா கதையெல்லாம் என்னோட முடிஞ்சுது," என்றார்.

அடப் பாவமே என்றிருந்தது. எங்கள் ஊரில் ம் கொட்டாவிட்டால்தான் கேட்பவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம் என்றேன். அன்றிலிருந்து வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டேன். சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலித்ததுதான் மிச்சம். கேட்டதையெல்லாம் சாயங்காலம் என் சின்ன மகளுக்குச் சாதம் ஊட்டும்போது தமிழில் அவிழ்த்துவிடுவேன். ஆட்டுக் கதை சொன்னால் இன்னும் இரண்டு வாய் கூடுதலாக இறங்கும்.

ரிட்டயராகி ஊர் மாறுவதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். ரசத்தோடு போராடிக்கொண்டிருந்தவர் எதிரில் மகள் உட்கார்ந்து, அவருடைய ஆட்டுக் கதையை அவருக்கே இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். அவர் தன் ஊர் முறைப்படி அசையாமல் கேட்டார். இவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவருக்குப் புரியக் கூடாதென்று என்னிடம் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அங்கிள் கேக்கவே இல்ல."

முகம் வாடிவிட்டது குழந்தைக்கு. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"ம்," என்றார்.

அவ்வளவுதான், அவளைப் பிடிக்க முடியவில்லை. அவள் கதையில் ஆடு கொடியில் காயவில்லை. எங்கள் அபார்ட்மென்ட் லாண்டரி ரூம் டிரையரில் போட்டார்களாம். வெளியே எடுத்தால் சுருங்கிச் சுண்டுவிரல் அளவு ஆகிவிட்டதாம். இப்போது அவளுடைய லஞ்ச் பாக்ஸில்தான் தூங்குகிறதாம். அவருடைய வழுக்கைத் தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்துவிட்டாள். அவர் சிரிக்கவே இல்லை, ம் கொட்டிக்கொண்டே இருந்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

கை கழுவியதும் எங்கள் போனிலிருந்தே மகனைக் கூப்பிட்டார். தாத்தாவின் ஆடு சாகவில்லை, கலிஃபோர்னியாவில் ஒரு லஞ்ச் பாக்ஸில் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்றார்.