விருது யாருக்கு என்று சண்டை போட்டவர்

உரக்கடைக்காரர் என் அறையின் மாடிப்படி ஏறி வந்தது ஒரே ஒரு தடவைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து, துவைத்த வேட்டியைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன். படியில் யாரோ நின்று நின்று ஏறும் சத்தம் கேட்டது. அந்த ஊரில் என்னைத் தேடி யாரும் மாடி ஏறியதில்லை. வீட்டுக்காரர்கூடக் கீழே நின்றபடியே குரல் கொடுப்பார். எட்டிப் பார்த்தால் இவர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மூச்சு வாங்க உள்ளே வந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காராமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் என்னிடம் கேட்ட கேள்வியைச் சொல்வதற்கு முன்னால் அவருடைய கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் தாலுகா ஆபீஸுக்கு என்னைத் தூக்கிப் போட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன் நான். கல்யாணம் ஆகவில்லை. ஆபீஸ் விட்டால் மெஸ், மெஸ் விட்டால் அறை. சாயங்காலம் ஏரிக்கரை வரைக்கும் நடந்து போய், தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். எவ்வளவு பெரிய ஏரியானாலும் தினமும் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. போன மறுமாதமே ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டேன். அது வரும்போது வரட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் கடைத்தெருவில் அந்த உரக்கடை கண்ணில் பட்டது. கண்ணில் பட்டது என்பதைவிடக் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். உள்ளே அடிதடி நடக்கிறது என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். யூரியா மூட்டைகள் மேல் மூன்று பேர் உட்கார்ந்து, அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டு வீரர் என்ற தேசிய விருதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். டில்லியில் இருந்தவர்கள் இவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்யப்போகிறார்கள் என்பதுபோல இருந்தது.

ஒருவர் எதிர்க்கடை ஜவுளிக்கார பாய். ஹாக்கியைத் தவிர வேறு எதையும் விளையாட்டு என்று ஒப்புக்கொள்ளாதவர். இன்னொருவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். ஓட்டக்காரப் பெண் ஒருத்தியின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். மூன்றாமவர் கடைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், தடித்த உடம்பு, உடம்பைவிடத் தடித்த குரல். அவர் ஆள் ஒரு பளுதூக்கும் வீரர். "ஓடறதுன்னா நாய் கூட ஓடுது மாஸ்டர். பந்த அடிக்கிறதுன்னா பசங்க தெருவுலியே அடிச்சிக்கினு கீறானுங்க. ஒரு ஆளு தன் எடைக்கு ரெண்டு பங்கு தூக்குறான்னா அது இன்னா சாதாரணமா? ரெண்டு மூட்டய ஒண்ணா தூக்கச் சொல்லு பாப்போம், என் கடை ஆளுங்களையே" என்பது அவருடைய வாதம். வாசலில் நின்று சிரித்துவிட்டேன். "நீ இன்னா சார் சிரிக்கிற? உள்ள வா. உன் ஆளு யாரு சொல்லு" என்றார். கிரிக்கெட் என்றேன். மூன்று பேரும் சேர்ந்து என் மேல் பாய்ந்தார்கள். அன்றைக்கு ராத்திரி பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அதிலிருந்து தினமும் போனேன். விருது வருடத்துக்கு ஒரு தடவைதான் அறிவிக்கிறார்கள் என்றாலும் அந்தக் கடையில் அது வருடம் முழுக்க நடந்தது. அறிவிப்பதற்கு முன்னால் யாருக்குக் கொடுக்கணும் என்று, அறிவித்த பிறகு ஏன் கொடுத்தார்கள் என்று. பக்கத்துப் பெருநகர் கிராமத்திலிருந்து உரம் வாங்க வந்தவர்கள் மாட்டை வண்டியில் பூட்டாமல் நின்று கேட்பார்கள். வேப்பம்புண்ணாக்கு வாசனையும் யூரியா நெடியும் மூக்கில் ஏறும். அந்த நெடியில்தான் எனக்கு அந்த ஊர் கொஞ்சம் பிடித்துப்போனது. நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டால், "நான் இன்னா மளிகக் கடையா வச்சிக்கினு கீறேன்?" என்று அதற்கும் ஒரு சண்டை பிடிப்பார். மற்ற இருவரும் அவரை அண்ணா என்றார்கள். எட்டு மணி அடித்ததும் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அவர் மனைவியின் குரல் வரும்: "பேசினது போதும், சோறு ஆறுது. குடுத்தவன் குடுத்துட்டுப் போறான், உங்களுக்கு இன்னா பேஜாரு?" அந்த அம்மாவை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. குரல்தான் தெரியும். "ஏய், உனக்கு இன்னா தெரியும், சொம்மா இரு" என்று இவர் திருப்பிக் கத்துவார். உள்ளேயிருந்து அதற்கும் பதில் வரும். நாங்கள் கலைந்து போகும்போதும் அந்த வீட்டுக்குள் பேச்சு நடந்துகொண்டே இருக்கும். அவர்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்து பம்பாய்ப் பக்கம் போய்விட்டாள்.

ஒன்றை நான் சீக்கிரமே கவனித்தேன். அவருக்கு அந்தப் பளுதூக்கும் வீரர் முக்கியமே இல்லை. ஒருநாள் டிரில் மாஸ்டர், களைத்துப்போயோ என்னவோ, "சரிண்ணா, நீங்க சொல்றதுலயும் நாயம் கீது, அந்த ஆளுக்கே குடுக்கலாம்" என்று இறங்கி வந்தார். வேறு யாராவது என்றால் மார்தட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் முகம் விழுந்துபோயிற்று. கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு, "அப்பிடி ஒண்ணும் அவன் பெருசா தூக்கலியே" என்று சொல்லி, அந்த நிமிஷமே ஒரு நீச்சல்காரர் கட்சிக்குத் தாவிவிட்டார். அந்த நீச்சல்காரர் எந்த மாநிலம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஏரியில் எருமை மாடு நீந்துவதைப் பார்த்ததைத் தவிர நீச்சலுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை என்று பாய் கிண்டல் செய்தார். மறுபடி சண்டை களைகட்டியது. யார் எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கம் போய் நிற்பார். ஜெயிப்பதற்காகப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானே அந்த ரகம்தான். பேச்சு முடிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பேசியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அப்படி மூன்று நான்கு வருடம் ஓடியது. ஒரு ஐப்பசி மழையில் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மோசமாகிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது உயிர் இல்லை. மகள் பம்பாயிலிருந்து வந்து, காரியம் முடியும்வரை இருந்து அழுதுவிட்டு, கைக்குழந்தையோடு திரும்பிப் போனாள். கூட வந்துவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். அந்த ஊர்ப் பாஷை தெரியாது, அங்கே போய் யாரிடம் பேசுவது என்று மறுத்துவிட்டாராம்.

காரியம் முடிந்து கடை திறந்த அன்று பாய் எங்களைத் தன் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. துக்க வீட்டில் ஒரு வருடம் பொங்கல் வைக்க மாட்டார்கள், நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்கள். அந்த வழக்கத்தைப் பாய் இன்னும் கொஞ்சம் நீட்டினார். "பெரிய இடி விழுந்த மனுசன். தெவசம் கழியிற வரிக்கும் நாம யாரும் அவர எதுத்து ஒரு வார்த்த பேசக் கூடாது. அவரு இன்னா சொன்னாலும் சரின்னு போயிடணும். அந்த மனசு இனிமே ஒரு சொல்லு தாங்காது" என்றார். டிரில் மாஸ்டர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அவர்மேல் இருந்தது நிஜமான பிரியம்.

அந்த வருட விருது அறிவிப்பு அதற்குப் பிறகு சில வாரங்களில் வந்தது. கிரிக்கெட் வீரருக்குத்தான். என் ஆள். சாயங்காலம் நான் கடைக்குள் கால் வைக்கும்போதே அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மனைவி போன பிறகு அவர் முகத்தில் நான் வெளிச்சம் பார்த்தது அன்றைக்குத்தான். "வா சார், வா. உன் ஆளுக்குக் குடுத்துட்டானுங்க. இதவிட அநியாயம் உண்டா?" என்றார். வேறு நாளாக இருந்தால் எட்டு மணிவரை விட்டிருக்க மாட்டேன். பாய் என்னைப் பார்த்தார். "ஆமா அண்ணாச்சி, அநியாயம்தான்" என்றேன்.

அவர் கொஞ்சம் தடுமாறினார். பாயிடம் திரும்பினார். "ஹாக்கிக்காரனுக்கு இந்த வருசம் ஒரு மண்ணும் கெடையாது, தெரியுமா பாய்?" பாய், ஹாக்கிக்காக ஒரு தடவை சோறு தண்ணியில்லாமல் கிடந்த பாய், "நெசந்தாண்ணா, அவங்க ஆட்டம் முன்ன மாதிரி இல்ல" என்றார். மாஸ்டரிடம், பொம்பளை ஓடுவதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கேட்டார். மாஸ்டர் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே, "அதுவும் சரிதாண்ணா" என்றார். கடைசியில் அவர் பேப்பரைத் தூக்கிப் பிடித்து, "யோசிச்சிப் பாத்தா இந்தக் கிரிக்கெட்டுக்காரனுக்குக் குடுத்ததுதான் ஞாயம்னு தோணுது" என்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் "சரிதான்" என்றோம். பிறகு யாருக்கும் பேச ஒன்றும் இல்லை. ஏழரைக்கெல்லாம் பாய் எழுந்தார், நாங்களும் எழுந்தோம். பின்னாலிருந்து சோறு ஆறுகிறது என்று சொல்ல யாரும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மூட்டைமேல் உட்காருவோம், அவர் ஒன்று சொல்வார், சரி என்போம். அவர் மனம் நோகக் கூடாது என்று நாங்கள் பேச்சைக் குறைக்கக் குறைக்க, கடையில் நாங்கள் இருக்கும் நேரமும் குறைந்தது. பொங்கல் வந்து போனது. வழக்கம்போல அந்த வீட்டில் பானை வைக்கவில்லை. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் என் மாடிக்கு வந்தார்.

ஜன்னல் பக்கம் திரும்பியே கேட்டார். "சார், நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்?"

"ஏன் அண்ணாச்சி அப்படிக் கேக்கிய?"

"மூணு பேரும் சேந்து என்னத் தனியா உட்டுட்டீங்களே."

"தினமும் வாறோமே."

"வர்றீங்க. சாவு வூட்டுக்கு வர்றா மாதிரி வர்றீங்க." அவர் என் கொடியில் இருந்த ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவ கீற வரிக்கும் நான் ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்லுவா. இப்ப வூட்ல நான் சொல்றத எதுத்துப் பேச செவுருகூட கெடையாது. கடைக்கு வந்தா நீங்க கீறீங்கன்னு பாத்தா, நீங்களும் சரி சரின்னு தலய ஆட்டிக்கினு கீறீங்க. என்னியும் அவ கூடவே சேத்துப் பொதச்சிட்டீங்களா சார்?"

அந்த ஊரில் என்னைவிடத் தனியாக ஒரு ஆள் இருக்க முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் என்னவோ சொன்னதும், "அப்படியெல்லாம் கிடையாது அண்ணாச்சி, நீங்க விவரம் தெரியாமப் பேசுதிய" என்றேன். பாய் திடுக்கிட்டார். கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருக்குய்யா வெவரம் தெரியாது?" என்று ஆரம்பித்தார் பாருங்கள், தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். எட்டு மணி தாண்டியது எங்களுக்குத் தெரியவில்லை. வெளியே வந்ததும் மாஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்து, "நீயெல்லாம் மனுசனா சார்?" என்றார். அவரே வந்து கேட்டதைச் சொன்னேன். பாய் அதை ஏற்கவில்லை. "துக்கத்துல கீறவங்க அப்பிடித்தான் கேப்பாங்க. நாமதான் பாத்து நடந்துக்கணும்" என்றார். அவர் சொன்னதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. இந்தக் கொடுமையைக் கண்ணால் பார்க்க முடியாது என்று இருவரும் வருவதைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டார்கள். தெவசம் கழியட்டும் என்று பாய் எதிர்க்கடையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேர் சண்டை போட அந்தக் கடை ரொம்பப் பெரியதாக இருந்தது. ஆனாலும் போட்டோம்.

சித்திரையில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. என்றைக்கோ கேட்டது. கேட்டதை நானே மறந்திருந்தேன். அவரிடம் சொன்னபோது, "போயித்தான ஆவணும். உனக்கும் ஊரு, ஒறவு கீது" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொன்ன ஒன்றை அவர் எதிர்க்கவில்லை. செங்கல்பட்டு பஸ் ஏற வந்த அன்று காலையில் கடையைத் திறக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழியனுப்ப வந்தவர் பேசும் பேச்சா அது, கிரிக்கெட்டுக்காரனுக்குக் கொடுத்த விருது தப்புதான் என்று மறுபடி ஆரம்பித்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் தாங்கவில்லை. போகிறபோக்கில் அந்த மனிதரைச் சந்தோஷப்படுத்திவிட்டுப் போகலாம் என்று, "சரி அண்ணாச்சி..." என்று வாயெடுத்தேன். அவர் கம்பியைத் தட்டினார். "ஒத்துக்காத சார். ஒத்துக்கினு போயிடாத" என்றார். பஸ் நகர்ந்தது. நான் தலையை வெளியே நீட்டி, "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கிரிக்கெட்டுக்குக் கொடுத்ததுதான் சரி" என்று கத்தினேன். அவர் கையை ஆட்டி ஆட்டி என்னவோ திருப்பிக் கத்தினார். வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பாயும் மாஸ்டரும் தெவசத்துக்குப் பிறகு திரும்பி வந்தார்களா என்பதும் தெரியாது. வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

என் மனைவி போய் இது இரண்டாவது வருடம். மகன் பெங்களூரில் இருக்கிறான். நல்ல பிள்ளை, தினமும் ராத்திரி தவறாமல் போன் செய்வான். சின்ன வயதில் நான் கிழக்கு என்றால் மேற்கு என்று நிற்பவன். அவன் அம்மா இருந்தவரை போனிலேயே எனக்கும் அவனுக்கும் அரசியல், சினிமா என்று அனல் பறக்கும். இப்போது குரலைத் தணித்துத்தான் பேசுகிறான். மருமகளும் அப்படியே. பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட நடைக்கு வருகிறவர்கள், எல்லோருமே என்னிடம் ரொம்பப் பதமாக நடந்துகொள்கிறார்கள்.

போன வாரம் டி.வி.யில் இந்த வருட விளையாட்டு விருதை அறிவித்தார்கள். அன்று மகன் கூப்பிட்டதும், "அந்தப் பையனுக்குப் போய்க் கொடுத்திருக்கானே, இது நியாயமாடா?" என்றேன்.

"அநியாயம்தான்ப்பா. நீங்க சொல்றது சரி."

"இல்லடா, யோசிச்சுப் பார்த்தா கொடுத்தது நியாயம்தானோன்னு தோணுது."

"அதுவும் சரிதான்ப்பா. சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். அன்றைக்கு நான் உலையே வைக்கவில்லை.

"சரிப்பா" என்றான்.